நூறு பவுண்டு கையில், நானூறு பவுண்டு வாக்கில்: நீலகிரித் தோட்டக் கம்பெனியின் தரகு வழக்கு (1864) குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன வழக்கு?

‘வெஸ்டர்ன் நீல்கெர்ரி காபி, டீ அண்டு சின்கோனா பிளான்டேஷன் கம்பெனி’ என்ற நீண்ட பெயரில் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் பங்குகளை வாங்க ஆள் பிடித்துத் தரும் பொறுப்பை இன்ச்பால்ட் என்ற தரகர் ஏற்றார். தரகு இரண்டு பகுதிகளாகப் பேசப்பட்டது: 100 பவுண்டு உடனே, மேலும் 400 பவுண்டு பங்குகள் அனைத்தும் ஒதுக்கப்பட்ட பிறகு. தரகர் வேலையில் இறங்கினார், கணிசமான பங்குகளுக்கு ஆளும் சேர்த்தார். எல்லாப் பங்குகளும் ஒதுக்கப்படுவதற்கு முன்பே கம்பெனி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. நிபந்தனை நிறைவேறவில்லை, ஆகவே 400 பவுண்டு தர வேண்டியதில்லை என்பது கம்பெனியின் நிலை. நிபந்தனை நிறைவேறாமல் போனதே உங்களால்தான் என்பது தரகரின் பதில். லண்டனில், தனியார் வழக்குகளை விசாரித்த காமன் பிளீஸ் நீதிமன்றம் 1864-இல் தரகர் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்தக் காலத்தில் நீலகிரிக்கு ஏன் லண்டனில் பங்கு விற்றார்கள்?

தோட்டத் தொழிலின் இயல்பே காரணம். காடு வெட்டி, வேலி கட்டி, நாற்று நட்டு, கூலி கொடுத்துச் சில ஆண்டுகள் காத்திருந்தால்தான் காப்பிச் செடி சொல்லிக்கொள்ளும்படியான விளைச்சல் தரும். அதுவரை பணம் போய்க்கொண்டே இருக்கும், வரவு இருக்காது. தனி ஒரு துரையின் கைப்பணம் அதற்குத் தாங்காது. பலரிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டுவதற்கு 1862-ஆம் ஆண்டின் ஆங்கிலக் கம்பெனிச் சட்டம் வழிசெய்தது. ஏழு பேர் கையெழுத்திட்டால் வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி ஒன்றைப் பதிவு செய்துவிடலாம். பங்குதாரர் தாம் ஒப்புக்கொண்ட பங்குத் தொகைக்கு மேல் பொறுப்பாக மாட்டார்.

நீலகிரியின் பெயரும் அப்போது நன்றாக எடுபட்டது. ஆக்டர்லோனி பள்ளத்தாக்கில் 1845 வாக்கிலேயே காப்பி நடப்பட்டிருந்தது. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவர ஏற்பாடு செய்த சின்கோனாவை, உதகையில் வில்லியம் மெக்கைவர் அரசுக்காக வளர்க்கத் தொடங்கினார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினின் அந்த மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதால், ‘சின்கோனா’ என்ற சொல்லே முதலீட்டாளரை நின்று கேட்க வைத்தது. காப்பி, தேயிலை, சின்கோனா மூன்றையும் ஒரே பெயரில் அடுக்கியிருப்பதைப் பார்த்தால், அந்தப் பெயர் யாரை ஈர்ப்பதற்காக வைக்கப்பட்டது என்பது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. ஈர்க்கப்பட்டவர்களைக் கையெழுத்து வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது தரகரின் வேலை.

இது பங்குத் தரகு வழக்குதானே, நிலக் கம்பெனி வழக்கு என்று ஏன் சொல்ல வேண்டும்?

தரகர் விற்றது பங்கு என்பது உண்மை. ஆனால் நிலத்தில் பயிர்செய்யக் கிளம்பிய கம்பெனிக்கு, பங்குப் பணம் திரண்டால்தான் நிலமும் நடவும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த வழக்கில் எழுந்த கேள்வியேதான் மனை, தோட்டம், வீடு எதை விற்கும் தரகருக்கும் எழுகிறது. ‘காரியம் முடிந்ததும் தருகிறேன்’ என்று சொன்னவர், காரியம் முடியாதபடி தாமே செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதே அந்தக் கேள்வி. அதனால்தான் நிலத் தரகு பற்றிய வழக்குகளில் இந்தத் தீர்ப்பு இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது.

கம்பெனியின் வாதத்தில் நியாயமே இல்லையா?

இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டுப் பேசுவது முறையல்ல. ஒப்பந்தத்தின் சொற்கள் கம்பெனியின் பக்கம் இருந்தன. எல்லாப் பங்குகளும் ஒதுக்கப்பட்டால்தான் 400 பவுண்டு என்பது எழுத்தில் இருந்த நிபந்தனை, அது நடக்கவில்லை. தரகுத் தொழிலின் பொதுவழக்கமும் அதுவே: காரியம் முடிந்தால் பெரிய தொகை, முடியாவிட்டால் அலைந்த செருப்புக்குக்கூடக் கூலி கிடையாது. அந்தத் தொகை பெரிதாக இருப்பதற்குக் காரணமே, அதில் நடக்காமல் போகும் ஆபத்துக்கான விலையும் அடங்கியிருப்பதுதான். மேலும், ஒரு கம்பெனி நட்டத்தில் நடக்க வேண்டும் என்றோ, தரகருக்குத் தரகு கிடைப்பதற்காகவே மூடாமல் இருக்க வேண்டும் என்றோ யாரும் கட்டளையிட முடியாது.

அப்படியிருந்தும் தரகர் எப்படி வென்றார்?

நீதிபதி வில்ஸ் அந்தத் தீர்ப்பில் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்த வழக்கை உயிரோடு வைத்திருக்கிறது. ஒரு நிகழ்வு நடந்தால் ஒருவர் மற்றவருக்குப் பணம் தர வேண்டும் என்று இருக்கும்போது, பணம் தர வேண்டியவர் அந்தப் பணம் கிடைப்பதைத் தடுக்கும்படியோ, கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கும்படியோ ஏதேனும் செய்தால், அவர் பெற வேண்டியவருக்குப் பொறுப்பாவார் என்பது அதன் சாரம்.

இந்த வாக்கியத்தில் ‘தடுத்தல்’ என்பதோடு ‘வாய்ப்பைக் குறைத்தல்’ என்பதும் சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மீதிப் பங்குகளும் உறுதியாக விற்றிருக்கும் என்று தரகர் நிரூபிக்க வேண்டியதில்லை. அதை யாரால்தான் நிரூபிக்க முடியும்? விற்பதற்கான நியாயமான வாய்ப்பு கையில் இருந்தது, அது எதிர்த்தரப்பின் செயலால் பறிபோனது என்று காட்டினால் போதும். வேலையை ஏற்று, அதில் பெரும்பகுதியைச் செய்தும் முடித்த தரகரின் காலடியிலிருந்து ஏணியை எடுத்ததுபோல் ஆகிவிட்டது கம்பெனியின் கலைப்பு. ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் உள்ளடங்கியிருந்த ஒரு கடமையை அது மீறியது என்று நீதிமன்றம் கருதியது.

அப்படியானால் தரகர் பெற்றது தரகா, இழப்பீடா?

இழப்பீடு. இந்த வேறுபாட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள், ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். தரகு என்பது கடன் போன்றது: நிபந்தனை நிறைவேறியதும் பேசிய தொகை அப்படியே தர வேண்டியதாகிவிடும், எவ்வளவு என்ற கேள்வியே எழாது. இங்கே நிபந்தனை நிறைவேறவில்லை, ஆகவே ‘400 பவுண்டைக் கடனாக எடுத்து வை’ என்று கேட்க வழியில்லை. கேட்கக்கூடியது, அந்தத் தொகையைச் சம்பாதிக்க விடாமல் செய்ததற்கான ஈடு மட்டுமே. அந்த ஈட்டைக் கணக்கிடும்போது, கம்பெனி கலைக்கப்படாமல் இருந்திருந்தால் மீதிப் பங்குகள் விற்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதை நீதிமன்றம் எடைபோட்டுப் பார்க்கும். வாய்ப்பு வலுவாக இருந்தால் ஈடு கூடும், மங்கலாக இருந்தால் குறையும்.

இன்று நம் ஊரில் தரகுக்காக வழக்குப் போட வருகிறவர்களின் வழக்குரையில் ‘பேசிய கமிஷன் இவ்வளவு, அதைத் தர உத்தரவிட வேண்டும்’ என்ற ஒரே கோரிக்கை மட்டும் இருப்பதைப் பார்க்கிறேன். விற்பனை நடக்காத வழக்கில் அந்தக் கோரிக்கை மட்டும் நின்றால் அது விழுந்துவிடக்கூடும். மாற்றுக் கோரிக்கையாக இழப்பீட்டையும் கேட்டு, வாய்ப்பு எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதற்கான சாட்சியத்தையும் வைக்க வேண்டும்.

அதே காலத்து மற்ற நிலத் தரகு வழக்குகள் என்ன சொல்கின்றன?

அந்தப் பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் இந்தக் கேள்வி அடுத்தடுத்து வந்திருக்கிறது. 1856-இல் பிரிக்கெட் எதிர் பேட்ஜர் என்ற வழக்கில், நிலத்தை விற்றுத் தரச் சொன்னவர், தரகர் வாங்குபவரைக் கொண்டுவந்த பிறகு விற்பனையை முடித்துத் தரவில்லை. தரகருக்கு அவர் செய்த வேலைக்கேற்ற நியாயமான கூலி கிடைத்தது. அதே ஆண்டில் சிம்ப்சன் எதிர் லாம்ப் என்ற வழக்கில் முடிவு வேறு. ஒரு தேவாலயத்துக்குக் குருவை நியமிக்கும் உரிமையை விற்றுத் தரத் தரகர் அமர்த்தப்பட்டிருந்தார் (அந்த உரிமை அங்கே சொத்துப் போல விற்கப்பட்டது). உரிமையாளர் இடையில் தாமே விற்றுவிட்டார். தரகருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1863-இல் வந்த கிரீன் எதிர் பார்ட்லெட் வழக்கு. ஆங்கிலக் கால்வாயில் கெர்ன்சித் தீவுக்கு அருகே உள்ள ஹெர்ம் என்ற சிறு தீவை ஏலத்தில் விற்க ஓர் ஏலக்காரர் அமர்த்தப்பட்டார். ஏலத்தில் தீவு விலைபோகவில்லை. ஏலத்துக்கு வந்திருந்த ஒருவர், ‘சொந்தக்காரர் யார்?’ என்று ஏலக்காரரிடமே விசாரித்துத் தெரிந்துகொண்டு, பிறகு நேராக அவரிடம் போய் வாங்கிவிட்டார். உரிமையாளர் தரகு தர மறுத்தார். வாங்குபவர், விற்பவர் என்ற உறவு ஏலக்காரரின் செயலால் உண்டானது என்றால், கடைசிப் பேச்சை அவர் நடத்தாவிட்டாலும் தரகு அவருக்கு உரியது என்று நீதிமன்றம் சொன்னது. ‘பார்ட்டியைக் காட்டினது நான், முடிச்சது அவங்களாவே’ என்று நம் தரகர்கள் நொந்துகொள்ளும் அதே கதைதான் அது. அங்கே தீவு, இங்கே அரை கிரவுண்டு மனை, அவ்வளவுதான் வேறுபாடு.

கம்பெனி தொழிலை மூடினால் எப்போதும் தரகர் வென்றுவிடுவாரா?

இல்லை. 1876-இல் ரோட்ஸ் எதிர் ஃபார்வுட் வழக்கு, அன்று இங்கிலாந்தின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. ஒரு சுரங்கத்தின் நிலக்கரியை லிவர்பூலில் விற்க ஏழு ஆண்டுகளுக்கு முகவர்கள் அமர்த்தப்பட்டனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் உரிமையாளர் சுரங்கத்தையே விற்றுவிட்டார். மீதி மூன்று ஆண்டுத் தரகு போயிற்றே என்று முகவர்கள் கேட்டார்கள், தோற்றார்கள். அந்தச் சுரங்கத்தை ஏழு ஆண்டும் வைத்திருப்பேன் என்று உரிமையாளர் எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது காரணம்.

1941-இல் லக்சர் (ஈஸ்ட்போர்ன்) எதிர் கூப்பர் வழக்கில் எல்லை இன்னும் தெளிவானது. நான்கு திரையரங்குகளை 185,000 பவுண்டுக்குக் குறையாமல் விற்றுத் தந்தால், விற்பனை முடிந்ததும் 10,000 பவுண்டு தரகு என்று பேச்சு. தரகர் ஆளைக் கொண்டுவந்தார், கம்பெனிகள் விற்க மனம்மாறின. தரகருக்கு எதுவும் இல்லை என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. அந்த 10,000 பவுண்டு, அன்று நீதித்துறையின் தலைவராக இருந்த லார்டு சான்சலர் ஓர் ஆண்டு முழுக்க உழைத்துப் பெறும் ஊதியத்துக்குச் சமம், அதை எட்டு ஒன்பது நாள் வேலைக்குத் தரகர் எதிர்பார்க்கிறார் என்று நீதிபதிகளில் ஒருவரான ரஸ்ஸல் பிரபு சுட்டிக்காட்டினார். அவ்வளவு பெரிய தொகைக்காக ஆபத்தை ஏற்றுக்கொண்டவர், உரிமையாளர் மனம்மாறும் ஆபத்தையும் ஏற்றவரே என்பது அதன் பொருள். 1864-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதனால் செல்லாததாகிவிடவில்லை. ஆனால் வில்ஸின் வாக்கியத்தை எல்லாத் தரகருக்கும் பொருந்தும் பொது விதியாகப் படிக்கக் கூடாது என்பது நிலைபெற்றது.

பிறகு இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது?

நான் புரிந்துகொண்டிருப்பது இதுதான். வீட்டை விற்க நினைக்கும் ஒருவர் ஊரில் நான்கு தரகரிடம் சொல்லிவைக்கிறார். எந்தத் தரகரும் வேலை செய்தே தீர வேண்டும் என்ற கடமையில் இல்லை, உரிமையாளரும் விற்றே தீர வேண்டும் என்ற கடமையில் இல்லை. அங்கே மனம்மாறும் உரிமை அவருக்கு மிச்சமிருக்கிறது. இன்ச்பால்டின் நிலை வேறு. அவர் ஒரு குறிப்பிட்ட பணிக்கு அமர்த்தப்பட்டவர், முன்பணம் பேசப்பட்டது, இருதரப்பும் ஒன்றையொன்று கட்டியிருந்தன, பணியின் பெரும்பகுதியும் நடந்துவிட்டது. அந்த நிலையில் காலை வாரிவிடாமல் இருக்கும் கடமை ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது என்று படிப்பதற்கு இடம் உண்டு.

பின்னாளில், 1981-இல், ஆல்ஃபா டிரேடிங் வழக்கில் ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏறத்தாழ இந்த வழியில் போனது. தரகர் கொண்டுவந்த ஆளோடு விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பின், விற்பவர் அந்த ஒப்பந்தத்தைத் தாமே முறித்து, அதன் வழியாகத் தரகையும் இல்லாமல் ஆக்க முடியாது என்றது. ஆக, கையெழுத்துக்கு முன் மனம்மாறுவது வேறு, கையெழுத்துக்குப் பின் முறிப்பது வேறு. நம் ஊர் வழக்கில் சொன்னால், கிரைய ஒப்பந்தம் போடுவதற்கு முன்னும் பின்னும் தரகரின் நிலை ஒன்றல்ல.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எந்தச் செயலுக்காக ஊதியம் பேசப்பட்டதோ அது முடியும் வரை முகவருக்கு ஊதியம் கேட்க உரிமை எழாது என்கிறது. கம்பெனியின் வாதத்துக்கு வலுச்சேர்க்கும் பிரிவு இது. ஆனால் 53-ஆம் பிரிவு, இருதரப்பும் வாக்குக் கொடுத்துள்ள ஒப்பந்தத்தில் ஒருவர் மற்றவரைத் தம் பங்கை நிறைவேற்ற விடாமல் தடுத்தால், தடுக்கப்பட்டவர் ஒப்பந்தத்தைத் தவிர்க்கலாம், ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடும் பெறலாம் என்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு முகமை தொடரும் என்று வெளிப்படையாகவோ உள்ளுறையாகவோ ஒப்பந்தம் இருந்து, தக்க காரணமின்றி அது முன்கூட்டியே முறிக்கப்பட்டால் ஈடு தர வேண்டும் என்பது 205-ஆம் பிரிவு. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 219-ஐ மட்டும் நீட்டிக் காட்டுவது பாதி வாசிப்பு.

தரகரின் பக்கம் தவறு இருந்தால்?

முழுத் தரகும் போய்விடலாம். 1865-இல் சாலமன்ஸ் எதிர் பெண்டர் வழக்கில், நிலத்தை விற்றுத் தர வந்த முகவர், தமக்கே ஈடுபாடு இருந்த ஒரு கம்பெனிக்கு அதை விற்றார். அவருக்குத் தரகு மறுக்கப்பட்டது. இந்தியாவில், முகமை வேலையில் நடத்தைத் தவறு செய்தவருக்கு அந்தத் தவறு நேர்ந்த பகுதிக்கு ஊதியம் இல்லை என்கிறது 220-ஆம் பிரிவு. இன்ச்பால்ட் வழக்கில் இந்தக் கேள்வி எழவில்லை.

இன்றைய நிலத் தரகர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

சார்பதிவாளர் அலுவலக வாசலில் நான் பலமுறை பார்த்த காட்சி ஒன்று உண்டு. விற்பவரும் வாங்குபவரும் சாட்சிகளும் உள்ளே போட்டோவுக்கும் கைரேகைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். ஆறு மாதம் அலைந்து அவர்களைச் சேர்த்துவைத்தவர், வில்லங்கச் சான்றும் புலப்பட நகலும் வைத்த பிளாஸ்டிக் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நின்றிருப்பார். பத்திரத்தில் எத்தனையோ பெயர்கள் இருக்கும், அவர் பெயர் இருக்காது. தரகு பேசியதற்கு எழுத்து ஒன்றும் இருக்காது. விற்பவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் அவர் எதைக் காட்டி என்ன கேட்பார்?

இன்ச்பால்டிடம் எழுத்து இருந்தது, தொகை பிரிக்கப்பட்டிருந்தது, முதல் பகுதி உடனே தரப்படுவதாக இருந்தது. அதில் இல்லாமல் போன ஒரே வரி, ‘கம்பெனி இடையில் கலைக்கப்பட்டால் அதுவரை சேர்த்த பங்குகளுக்கு ஏற்ப இவ்வளவு’ என்பது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் வழக்கே வந்திருக்காது. ஆகவே தரகு எப்போது உரியதாகிறது என்பதை எழுதுங்கள்: ஆளைக் காட்டியதுமா, கிரைய ஒப்பந்தம் கையெழுத்தானதுமா, பத்திரம் பதிவானதுமா? உரிமையாளர் பின்வாங்கினால் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். பதிவுபெற்ற மனைத் திட்டங்களில் தரகு வேலை செய்வோர் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி தாமும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கலைக்கப்பட்ட கம்பெனியிடம் தீர்ப்பு வாங்கி என்ன பயன்?

பயன் உண்டு. 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 158-ஆம் பிரிவின்படி, கலைப்பின்போது கம்பெனிக்கு எதிரான எல்லாக் கோரிக்கைகளும், இன்னும் தொகை முடிவாகாத இழப்பீட்டுக் கோரிக்கை உட்பட, ஏற்றுப் பரிசீலிக்கப்பட வேண்டும். ஆகவே தரகரும் மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நிற்கலாம். அந்தக் கடன்களைத் தீர்க்கக் கம்பெனியிடம் பணம் போதாவிட்டால், பங்குதாரர்கள் தங்கள் பங்கில் இன்னும் கட்டாத தொகையைக் கட்ட அழைக்கப்படுவார்கள். அந்தக் காலத்தில் பங்கின் முகமதிப்பில் ஒரு பகுதியை மட்டும் முதலில் வாங்கிக்கொண்டு, மீதியைப் பின்னர் தவணையாகக் கேட்பதே வழக்கம். ஆதலால் இப்படிப்பட்ட கம்பெனியில் பணம் போதாமல் போனால், தரகருக்குரிய ஈடு எங்கிருந்து வர வேண்டியிருக்கும் என்றால், அவர் தாமே வீடு வீடாகப் பேசிப் பங்கு வாங்க வைத்தவர்களின் கட்டப்படாத தவணையிலிருந்துதான்.